கொத்தமல்லிப் பாத்தியில் பூச்சி விழுந்தால்

நேயர்களுக்கு வணக்கம். நுவரெலியா, வெலிமடை, ஹட்டன் பக்கமெல்லாம் லயத்து ஓரத்தில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை வளர்க்கிறோம். கொத்தமல்லி பறித்த கையோடு சம்பலில் விழுகிற இலை. அதில் பூச்சி கண்டால், உருளைக்கிழங்குக்கு வாங்கி வைத்த மருந்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஜனவரி தொடக்கம் மார்ச் வரை, வெயில் ஏறும் காலத்தில், குருத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அழுக்கணவன்தான் பெரிய தொல்லை. குருத்து சுருளும், இலை தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பிசின் அதன் கழிவு. அதைத் தின்ன எறும்பு வரும். வந்த எறும்பு, அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டையும் விரட்டிவிடும். ஆண் இல்லாமலே குட்டி போடுகிற பூச்சி இது. குட்டியும் ஒன்றிரண்டு கிழமைக்குள் குட்டி போடத் தொடங்கும். யூரியா அதிகம் போட்ட பாத்தியில் இலை இளசாக இருப்பதால் இன்னும் வேகமாகப் பெருகும்.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், திரவ சவர்க்காரம் கலந்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். சலவைத் தூள் வேண்டாம், இலை கருகும். முதலில் இரண்டு மூன்று செடிக்கு அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடிப்பது நல்லது. கரைசல் பட்ட பூச்சி மட்டுமே சாகும். அதனால்தான் ஒருமுறை அடித்து விட்டவர்கள் பலனில்லை என்கிறார்கள். நாலைந்து நாளில் மறுபடி அடிக்க வேண்டும். ஊதிப்போய் வைக்கோல் நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் அழுக்கணவனை நசுக்காதீர்கள். அதற்குள்ளே சிறு குளவியின் குஞ்சு வளர்கிறது. பாத்தி ஓரத்தில் நாலைந்து கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். தேன் குடிக்க வரும் மிதவை ஈ அங்கேயே முட்டையிடும், அதன் புழு அழுக்கணவனைத் தின்னும். செலவில்லாத காவல் இது.

கறிவேப்பிலையைத் தின்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் குருவி எச்சம் போல இருப்பதால் கண் ஏமாந்துவிடும். வளர்ந்த பின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. கையால் பொறுக்கினாலே போதும். இளங்குருத்தில் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும் மஞ்சள் முட்டையையும் தேய்த்துவிடுங்கள்.

புதினா இலையில் வெளிர்புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் கண்டால் அது சிற்றுண்ணி. வறட்சியில்தான் வரும். தண்ணீரை அடிப்பக்கமாகப் பீச்சுங்கள், மோசமான தண்டுகளை வெட்டி அகற்றுங்கள்.

காலையில் நாற்று அடியோடு அறுந்து கிடந்தால், பக்கத்து மண்ணை விரலால் கிளறுங்கள். வெட்டுப்புழு சுருண்டு படுத்திருக்கும்.

இரசாயனம் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால், உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்குப் பேசுங்கள். அந்தப் பயிருக்கென்று சிபாரிசு செய்த மருந்தை மட்டும் பாவியுங்கள். லேபிளில் சொன்ன நாட்கள் கழியாமல் ஒரு கட்டுக்கூட பறிக்காதீர்கள், சந்தைக்கும் அனுப்பாதீர்கள்.