வார்டில் முதல் வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வந்திருக்கும் டத்தோ அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தினரே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதியரே, ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராகச் சேரப்போகும் பிள்ளைகளே, வணக்கம். டத்தோ அவர்கள் போன வருடமும் கடைசி வரை இருந்தார். அவருக்குத் தனி நன்றி.

இரண்டு விஷயம் பேச வந்தேன்: பயிற்சியின் அமைப்பு, நோயாளியிடம் பேசும் முறை.

பிரிட்டனில் 2005 முதல் புதிய மருத்துவர்களுக்கு இரண்டு வருட அடிப்படைப் பயிற்சி. முதல் வருடத்தை முடித்தால்தான் மருத்துவராக முழுப் பதிவு. நம் மலேசியாவில் ஒரு வருடமாக இருந்த ஹவுஸ்மேன்ஷிப் 2008-இல் இரண்டு வருடமானது. பொது மருத்துவம், அறுவை, குழந்தை, மகப்பேறு, எலும்பு உட்பட ஆறு பிரிவுகளில் நான்கு நான்கு மாதமாகச் சுற்றுவார்கள். ஆனால் முதல் வருடத்தில் படிகிற பழக்கம்தான் கடைசிவரை நிற்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை குறையவே இல்லை. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். “மருந்து சாப்பிடுறீங்களா?” என்று மலாயில் கேட்டால், கேட்டவர் முகம் கோணக்கூடாதென்று தலையாட்டுவார். கடைசியில் கிளந்தானிலிருந்து வந்த, தமிழ் தெரியாத ஒரு ஹவுஸ்மேன் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த தமிழ் அக்காளைக் கூப்பிட்டு, மாத்திரையை எடுத்துக் காட்டச் சொன்னாள். பெரியம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். எல்லா மாத்திரையும் பாதி பாதி! கிளினிக் பக்கமே போகாத பெரியப்பாவுக்கும் சர்க்கரையாம். மறுபாதி அவருக்கு!

அந்தப் பெண் உட்கார்ந்து கேட்டாளே, அதுதான் பயிற்சி. அப்புறம், அந்த அக்கா அன்றைக்கு அங்கே இல்லாவிட்டால்? மொழிபெயர்க்க மகனைக் கூப்பிட்டால், கர்ப்பப்பைக் கோளாறை எந்த அம்மா வாய் திறந்து சொல்வார்? அதனால்தான் மொழிபெயர்க்க வார்டுக்கு ஒரு தமிழ்த் தொண்டர் வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். கேட்டதை வெளியே சொல்லாதவராக, நோயாளி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்பவராக இருந்தால் போதும். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் இதை மாநில சுகாதார இலாகாவிடம் எடுத்துச் செல்ல வேண்டும். ஹவுஸ்மேன்களைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தொண்டர்களோடு உட்கார வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

வாசலில் தொண்டர்களுக்கான பெயர்ப் பட்டியல் இருக்கிறது, எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைகளே, உங்கள் மலாய், சீன நண்பர்களுக்கு மூன்று கேள்வியையாவது தமிழில் கேட்கக் கற்றுக்கொடுங்கள்: எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, வீட்டில் மருந்தை எடுத்துக் கொடுப்பது யார்.