பீரோ சாவி யாரிடம்?
(கும்பகோணம் வட்டாரச் சபைப் பொறுப்பாளர்கள் கூடுகையில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே,

தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் வந்திறங்கியது 1706. சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733. நடுவிலே 27 வருஷம். ஊர் ஊராக நடந்து வேதம் சொல்லிக்கொடுத்தவர்களில் குருப்பட்டம் பெறாத நம்முடைய உபதேசிமாரும் உண்டு. அது லுத்தரன் மிஷன். தஞ்சைச் சபைகள் பல ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, கைக்கு வந்தது பிற்பாடு. ஆனாலும் குருவும் சபையாரும் சேர்ந்து ஊழியம் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

எந்த ஊழியம் குருவுடையது, எது சபையாருடையது என்று தெரியாததால்தான் சிக்கல். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நடத்துவது, பாவமன்னிப்பை அறிவிப்பது, ஆசீர்வாதம் கூறுவது மூன்றும் குருவுக்கு உரியவை. காலை, மாலை ஜெபத்தைப் பயிற்சி பெற்ற சபையார் நடத்தலாம். அப்போது பாவ அறிக்கை முடிந்ததும் ‘உங்களை மன்னிப்பாராக’ என்று சொல்லக் கூடாது. ‘எங்களை மன்னித்தருளும்’ என்று ஜெபமாகவே சொல்லவேண்டும். கடைசியிலும் கையைத் தூக்காமல், ‘நம் அனைவரோடும்’ என்று கிருபை வார்த்தையோடு முடிக்கவேண்டும். ஒரு சொல்தானே என்று விடாதீர்கள், எல்லைக்கல் அங்கேதான் நட்டிருக்கிறது. பிழைக்காது என்ற நிலையில் உள்ள குழந்தைக்கு, குரு வந்துசேர நேரமில்லையென்றால், யாரும் தண்ணீர் ஊற்றிப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குழந்தை பிழைத்தால் கோயிலுக்குக் கொண்டுவந்து சபையில் ஏற்றுக்கொள்ளவேண்டும். மறுபடி ஞானஸ்நானம் கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரி போன் போட்டு ‘நாளைக்கு நீங்க வாசிங்க’ என்றால், நேபுகாத்நேச்சார் போன்ற வேதப் பெயர்களில் நாக்கு தடுக்கும். புதன்கிழமையே வேதபகுதியைக் கொடுங்கள். வீட்டில் இரண்டு தரம் வாய்விட்டு வாசிக்கட்டும். பயிற்சி வகுப்பைச் சம்பா நடவு நேரத்தில் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அறுப்பெல்லாம் முடிந்து சித்திரையில் வையுங்கள்.

காணிக்கையை ஒரே வீட்டார் இருவர் எண்ணக் கூடாது. வெவ்வேறு வீட்டார் இருவர் கோயிலிலேயே எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடட்டும். ஐயர், அதாவது குரு, பணத்தைத் தொடவேண்டாம். அது அவருக்கும் பாதுகாப்பு.

ஆள் தெரிந்தெடுப்பதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். சபைக்குள் சாதி கூடாது என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது தஞ்சையில் எழுந்த எதிர்ப்பு சரித்திரத்தில் இருக்கிறது. வாசிக்க ஒரு தெரு, பெருக்க ஒரு தெரு என்றால் அதே சங்கதிதான் இன்றும். பெரிய வீடு ஒன்றே முப்பது வருஷம் பொறுப்பில் இருந்தால், ஐயர் அதிகாரம் அந்த வீட்டார் அதிகாரமாக மாறியிருக்கும், அவ்வளவே. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதியவர் ஆறு மாதம் பழையவரோடு நின்று பழகட்டும்.

திருவிருந்துக் கிண்ணமும் சபைப் பதிவேடும் இருக்கிற பீரோவுக்கு இரண்டு சாவி போடுங்கள். ஒன்று ஐயரிடம், ஒன்று பொறுப்பாளரிடம். பொறுப்பு மாறுகிற ஞாயிறன்று, சபை முன்னாலேயே அந்தச் சாவியும் கைமாறட்டும்.