நடுவர் அவர்களே, பெடலைச் சுற்றியது யார்?

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, சனசமூக நிலைய முற்றத்தில் கூடியிருக்கும் என் ஊரவர்களே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கையை மீறி வரும் மாற்றங்கள் மனிதனை வாட்டுகின்றனவா, வளர்க்கின்றனவா என்பது கேள்வி. வளர்க்கின்றன என்று சொல்ல வந்தவன் நான். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "பல்லுப் போனவனிட்டைப் போய், 'பரவாயில்லை அண்ணை, இனிப் பல்பொடிக் காசு மிச்சம்' எண்டு ஆறுதல் சொல்லுற ஆக்கள்தான் இவை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நன்றாகவே தட்டினீர்கள்.

அந்தப் பல்லை நான் விடப்போவதில்லை!

நண்பரே, பல்லுப் போனது நல்லது என்று இந்த அணியில் யார் சொன்னது? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது நல்லது என்றோமா? 1990 இல் யாழ்தேவி ரயில் நின்றது நல்லது என்றோமா? தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போன ஊர் இது. 2014 இல் ரயில் திரும்பி வந்தபோது, அதுவரை ரயிலையே காணாத ஒரு தலைமுறை வளர்ந்து நின்றது. போனது போனதுதான். அழுதவர்களில் நாங்களும் உண்டு. பல்லுப் போன பிறகு அந்த மனிதன் என்ன செய்தான் என்பதுதான் எங்கள் வாதம். எங்கள் ஊர்க் கிழவர்கள் என்ன செய்தார்கள்? பல்பொடிக் காசையா எண்ணினார்கள்? பாக்குரலை எடுத்தார்கள்! வெற்றிலையையும் பாக்கையும் போட்டு இடித்து, முப்பத்திரண்டு பல் உள்ளவனை விடச் சிவப்பாக வாயைச் சிவக்க வைத்தார்கள்!

பாக்குரல் போதாதென்றால் ஒரு சைக்கிள் கதை சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலத்தில் அரசு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் இந்தச் சபையில் எத்தனையோ பேர். பற்றரிக்கும் தடை. எங்கள் வீட்டில் றேடியோ இருந்தது, பாட வழியில்லை. பக்கத்து வீட்டில் நல்ல டைனமோ பூட்டிய சைக்கிள் இருந்தது. ஆனால் அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை. ஏன்? வேலிச் சண்டை! ஒரு முழ நிலத்துக்கு இரண்டு தலைமுறைக் கோபம்.

ஒருநாள் என் அம்மம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்: "தம்பி, உந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வா. வேலியைப் பிறகு பாப்பம்."

வந்தது சைக்கிள். தலைகீழாக நிறுத்தினோம். பெடலைக் கையால் சுற்ற, டைனமோ சுழல, றேடியோ பேசத் தொடங்கியது. ஒழுங்கை முழுவதும் எங்கள் முற்றத்தில். இரவுச் செய்தி. பெடலைப் பிடித்திருந்தவன் பக்கத்து வீட்டுப் பெடியன். செய்தி வாசிப்பவர் கணீரென்று ஆரம்பித்தார்: "யாழ்ப்பாணத்தில் இன்று..."

பெடியனுக்குக் கை உளைந்துவிட்டது! றேடியோ கரகரத்துப் படுத்துவிட்டது!

யாழ்ப்பாணத்தில் இன்று என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியாது! "சுத்தடா!" என்று ஒரு குரல். "விடடா, நான் சுத்துறன்" என்று இன்னொரு குரல். ஆள் மாறிச் சுற்றினால் வருகிறது: "...இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடியும் சொல்கிறேன். "யாழ்ப்பாணத்தில் இன்று" என்றார், பிறகு "முடிவடைந்தன" என்றார்! நடுவில் நடந்ததை அன்றிரவு முழுக்க ஊரே கூடி ஊகித்தது.

மறுநாள் அம்மம்மா முறை வைத்தார். இன்றைக்கு இந்த வீட்டுப் பிள்ளை சுற்ற வேண்டும், கை உளைய முதல் அடுத்தவன் மாற வேண்டும். ஆள் குறைந்த இரவில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே சுற்றினார். தடையைப் போட்டவன் எங்களைக் கேட்டுப் போடவில்லை. பெடலைச் சுற்றியது எங்கள் கை!

நடுவர் அவர்களே, இனிச் சொல்வதை வாதமாக எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்க, வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு மழையில் நடந்த இரவு. நாவற்குழிப் பக்கம் அடி எடுத்து வைக்க இடமில்லை. அதே சைக்கிளின் கரியரில் அம்மம்மா. உருட்டி வந்தவன் அதே பக்கத்து வீட்டுப் பெடியன். தென்மராட்சியில் ஒரு வீட்டுத் தாழ்வாரம் கிடைத்தது. வந்த கிழமையே அம்மம்மா எங்கிருந்தோ ஒரு முருங்கைத் தடி கொண்டுவந்து அந்த வளவில் நட்டார். வீட்டுக்காரர் கேட்டார், "ஆச்சி, நாளைக்குத் திரும்பிப் போற ஆள் ஏன் மரம் வைக்கிறியள்?"

"நான் போனால் நீ தின்னன் மோனை."

அடுத்த ஆண்டு நாங்கள் ஊர் திரும்பினோம். அம்மம்மா திரும்பவில்லை. அந்த மண்ணிலேயே கண்ணை மூடிவிட்டார். ஆனால் அந்த வீட்டுக்காரர் காய்க்கிற காலத்தில் எல்லாம் ஒரு கட்டுக் காயோடு பஸ் ஏறி வருவார். அவர் போன பிறகு அவர் மகன் வருகிறார். இன்று காலையும் வந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடிக்கிறேன். எதிரணி நண்பரே, கூட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருக்கிறோம். தீர்ப்பு யார் பக்கம் போனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வணக்கம்.