பிட்டுக்கு ஒரு பதம், கோப்பிக்கு எத்தனை பதம்?

நேயர்களுக்கு வணக்கம்.

அரிசி இடிக்க மில்லுக்குப் போய் வந்தவர்களுக்கு நான் இன்று சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். மட்டக்களப்பில் கல்லடியோ, ஆரையம்பதியோ, களுவாஞ்சிக்குடியோ, எந்த ஊர் மில்லாக இருந்தாலும் வாளியை நீட்டும்போதே ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுப்போம். "தம்பி, இது இடியப்பத்துக்கு." அல்லது, "இது பிட்டுக்கு, கொஞ்சம் குறுணலாக வேணும்." அவர் மெஷினின் பக்கத்திலுள்ள சில்லை ஒரு திருகு திருகுவார். முதல் பிடி மா விழும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உரசிப் பார்ப்பார். பிறகு இன்னும் அரைத் திருகு. எண் எதையும் பார்க்க மாட்டார். அந்தச் சில்லில் எண்ணே இருக்காது.

கோப்பி அரைக்கும் மெஷினைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கோப்பி வியாபாரி இல்லை. 30 வருடம் இரசாயனம் படிப்பித்துவிட்டு வீட்டில் இருக்கிறவன். மகன் கனடாவிலிருந்து வந்தபோது கையால் சுற்றி அரைக்கும் ஒரு சின்ன மெஷினைக் கொண்டுவந்து தந்தான். இதோ, மேசையில்தான் இருக்கிறது. ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு, அடியில் ஒரு திருகி. திருகினால் இப்படிக் கேட்கும். மைக்குக்குக் கிட்டப் பிடிக்கிறேன். டிக்... டிக்... டிக். கேட்கிறதா? ஒவ்வொரு டிக்குக்கும் உள்ளே இருக்கும் பற்கள் ஒரு மயிரிழை விலகும். மற்றப் பக்கம் திருகினால் மயிரிழை நெருங்கும்.

மகன் போன பிறகு தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, கடதாசி வடியில ஊத்துறதெண்டா 20 கிளிக்கில வைங்க." வைத்தேன். குடித்தால் வெறும் புளித்தண்ணீர். "மனே, இது புளிக்குதே!" என்றேன். "நான் இங்க அதிலதானே குடிக்கிறன்" என்றான். இப்படியே இரண்டு கிழமை போனது. கடைசியில்தான் பிழை பிடிபட்டது. நான் எண்ணத் தொடங்கிய இடம் பூச்சியமே இல்லை. அங்கேயே பற்கள் ஏழெட்டு கிளிக் விலகித்தான் நின்றிருக்கின்றன. அதற்கு மேல் 20. மகனின் 20 வேறு, என்னுடைய 20 வேறு. அன்றிலிருந்து யார் எண் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எங்கிருந்து எண்ணினீர்கள்?"

சரி, பருமன் மாறினால் சுவை ஏன் மாற வேண்டும்? வகுப்பில் நான் வழக்கமாகச் செய்து காட்டும் ஒன்று இருக்கிறது. ஒரு சோதனைக் குழாயில் சுண்ணக்கல் துண்டு, இன்னொன்றில் அதே நிறையில் சுண்ணத் தூள். இரண்டிலும் ஒரே அளவு அமிலம். துண்டு மெதுவாகக் குமிழி விடும், தூள் நுரைத்துப் பொங்கி மேலே வரும். பொருள் ஒன்றுதான், அமிலம் தொடும் மேற்பரப்புத்தான் வேறு. ஒரு சென்ரிமீற்றர் கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு மில்லிமீற்றர்க் குற்றிகளாக வெட்டினால் 1000 குற்றிகள், மேற்பரப்பு 60. பத்து மடங்கு.

கோப்பியில் அமிலத்துக்குப் பதில் சுடுதண்ணீர். வறுத்த கோப்பிக்கொட்டையில் ஏறத்தாழ 30 வீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. அது முழுவதும் நமக்கு வேண்டியதும் இல்லை. 18 முதல் 22 வீதம் வரை கரைந்து வந்தால் நல்ல கோப்பி. புளிப்பு முந்திக்கொண்டு வரும், அதன் பின்னால் இனிப்பு, கடைசியில் கசப்பும் நாக்கை வறட்டுகிற காறலும். ஆகவே புளித்தால் தண்ணீர் இன்னும் போதுமான அளவு எடுக்கவில்லை, நைசாக அரையுங்கள். கசந்து காறினால் அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டது, பருமனாக அரையுங்கள். இது ஒன்று மனதில் நின்றால் எந்த மெஷினையும் நீங்களே சரிப்படுத்திவிடலாம்.

மெஷின் என்று சொன்னேன். சம்பல் அடிக்கிற கிரைண்டர் இதில் சேராது. அதில் தகடு சுற்றி வெட்டும். அகப்பட்டது தூளாகும், அகப்படாதது பாதிக் கொட்டையாகவே கிடக்கும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவது அதனால்தான். அது மட்டும்தான் வீட்டில் இருக்கிறதென்றால் விட்டுவிட்டு அடியுங்கள், இடையில் குலுக்குங்கள், பிறகு அரிதட்டில் அரித்துப் பருமனானதைத் திரும்பப் போடுங்கள். நான் பேசுவது திரிகை மாதிரி மெஷினைப் பற்றி. அம்மம்மா வீட்டில் உழுந்து உடைக்கும் திரிகை இருந்ததே, மேற்கல்லும் கீழ்க்கல்லும்? அதே வேலைதான். கல்லுக்குப் பதில் உருக்குப் பல் அல்லது பீங்கான் பல். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கொட்டை தாண்டித்தான் ஆக வேண்டும்.

இனிப் பூச்சியத்தைப் பிடிப்போம். மெஷினுக்குள் ஒரு கொட்டைகூட இருக்கக் கூடாது. கைபிடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே திருகியை நெருக்கும் பக்கமாக ஒவ்வொரு கிளிக்காகத் திருகுங்கள். முதலில் ஒரு சத்தமும் இராது. பிறகு மிக மெல்லிய ஓர் உரசல் கேட்கும். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுநுனியில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்களுக்கு இப்படிக் காது கொடுப்பது புதிதில்லை. அந்த உரசலுக்குப் பிறகு ஒன்றிரண்டு கிளிக்கில் கைபிடி இறுகும், கிறுகாது. அங்கே நிறுத்துங்கள். பலம் போட்டு இறுக்க வேண்டாம், பல்லின் விளிம்பு போய்விடும். அதுதான் உங்கள் மெஷினின் பூச்சியம், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மின்சார மெஷினென்றால் வெறுமையாக ஓடவிட்டுக்கொண்டு மெதுவாக நெருக்குங்கள். கிரீச்சென்று ஒரு குருவிச் சத்தம் வந்த உடனே பின்வாங்குங்கள். இன்னொன்று, மின்சார மெஷினை நைசுப் பக்கம் மாற்றும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். நிறுத்திவிட்டு நெருக்கினால் நடுவே கிடக்கும் துண்டுகள் மாட்டி மோட்டார் இழுபடும்.

என் மெஷினில் நான் வைக்கும் இடங்களைச் சொல்கிறேன். எழுதிவைத்து அப்படியே பின்பற்ற வேண்டாம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று மட்டும் பாருங்கள். நம்முடைய பிளேன் கோப்பிக்கு 7. மோக்கா பொட்டுக்கு 13. கடதாசி வடிக்கு 20. பிரெஞ்ச் பிரசுக்கு 27.

பிரெஞ்ச் பிரஸ் என்பது கண்ணாடி ஜக், அதற்குள் கம்பி வலையுள்ள ஓர் உலக்கை. 30 கிராம் தூள், அரை லீற்றர் சுடுதண்ணீர், நான்கு நிமிடம், பிறகு அழுத்துவது. முதல் தடவை செய்தபோது மெஷின் 7 இலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. நான்கு நிமிடம் கழித்து அழுத்தினால் உலக்கை இறங்கவே இல்லை. அரிசி மா மாதிரி நைசான தூள் வலையின் கண்களை அடைத்துவிட்டது. மனைவி பக்கத்திலிருந்து, "இஞ்சருங்க, விட்டிருங்க, வேணாம்" என்கிறார். இரசாயன ஆசிரியர் கேட்பாரா? உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. வலை ஒரு பக்கம் சரிந்தது, கோப்பி ஜக்கின் மூக்கு வழியாகச் சீறிக்கொண்டு மேலே வந்தது. சுவரில் நாட்காட்டி, நாட்காட்டிக்கு மேலே பல்லி. பல்லி தப்பிவிட்டது. என் முழங்கையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கொப்புளம். ஆகவே பிரசுக்குக் கல்லுப்பின் பருமன் வேண்டும். அழுத்தும்போது ஒரு விரல் பாரத்தில் மெதுவாக இறங்கினால் சரி. தடையே இல்லாமல் தொப்பென்று விழுந்தால் இரண்டு கிளிக் நெருக்குங்கள். முறைத்துக்கொண்டு நின்றால் அழுத்தாதீர்கள். கோப்பியை வேறு வடியில் ஊற்றிவிட்டு அடுத்த முறை மூன்று கிளிக் விலக்குங்கள்.

மோக்கா பொட் இத்தாலியில் 1933 இல் வந்தது. அலுமினியத்தில் எட்டுப் பட்டை, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே கோப்பி; சூடேறினால் தண்ணீர் தூளைத் தாண்டி மேலே ஏறும். தண்ணீரைப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன வால்வுக்குக் கீழே நிறுத்த வேண்டும். தூளைத் தட்டிச் சமப்படுத்தலாம், கரண்டியால் அழுத்தி நிரப்பக் கூடாது. பருமன் மேசை உப்பைவிட ஒரு சொட்டு நைசு. சிறு நெருப்பில் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். பதம் சரியென்றால் தேன் வடிவதுபோல் நூலாக இறங்கும். நைசு கூடினால் முதலில் நெடுநேரம் ஒன்றும் வராது, பிறகு திக்கித் திக்கித் துப்பும். அந்த நேரம் உள்ளே அமுக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. வால்வு அதற்காகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதன் தயவில் வாழ வேண்டாம். நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, பிறகுதான் கழற்றுங்கள். களகளவென்று சத்தம் வந்தால் கோப்பி முடிந்தது, உடனே இறக்குங்கள்.

கடதாசி வடிக்கு மணிக்கூடுதான் துணை. 15 கிராம் தூள், 250 மில்லிலீற்றர் தண்ணீர். முதலில் தூள் நனையும் அளவுக்கு 40 மில்லிலீற்றர் ஊற்றி அரை நிமிடம் விடுங்கள், பிறகு மிச்சம். எல்லாம் வடிந்து முடிய மூன்று நிமிடத்துக்குக் கிட்டவாக வர வேண்டும். ஒன்றரை நிமிடத்திலேயே முடிந்தால் நெருக்குங்கள், ஐந்து நிமிடம் இழுத்தால் விலக்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக்குக்கு மேல் வேண்டாம். தூளின் நிறையையும் தண்ணீரையும் அந்த நேரம் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரிவந்தது என்று பிறகு தெரியாது.

அமுக்கத்தில் கோப்பி வடிக்கும் எஸ்பிரெசோ மெஷின் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் குறைவு, ஆகவே சுருக்கமாக: 18 கிராம் போட்டால் 36 கிராம் கோப்பி 25 முதல் 30 விநாடிக்குள் வர வேண்டும். அதற்கு ஒரு கிளிக்கே பெரிய தூரம். சில கை மெஷின்களில்தான் அது முடியும்.

இனி நம் வீட்டுப் பிளேன் கோப்பி. ஜக்கில் தூளைப் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, ஒரு கலக்குக் கலக்கி, மூடி வைப்பது. வடியும் இல்லை, கடதாசியும் இல்லை, தூள் தானாக அடியில் படிய வேண்டும். இதற்குப் பருமனாக அரைத்தால் வாய்க்குள் நறுநறுக்கும், சாயமும் இறங்காது. விரலில் உரசினால் முகப்பவுடர்போல் ஒட்ட வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்தால் அடியில் சேறாகப் படிந்துவிடும். கடைசி ஒரு வாயை ஜக்கிலேயே விட்டுவிடுங்கள். மரண வீட்டில் இரவிரவாக ஊற்றும் வேர்க்கொம்புக் கோப்பியும் இந்தப் பதம்தான். ஆனால் ஒன்று. வேர்க்கொம்பையும் மல்லியையும் இந்த மெஷினுக்குள் போடாதீர்கள். வேர்க்கொம்பின் நார் பல்லில் சுற்றும், மல்லி மணம் ஒரு மாதத்துக்குப் போகாது. அவற்றை உரலில் இடித்துக் கடைசியில் சேருங்கள். அரிசியைப் போட்டு அரைத்தால் மெஷின் சுத்தமாகும் என்று சொல்வார்கள். செய்ய வேண்டாம், அது கோப்பிக்கொட்டையைவிடக் கடினம். கழுவவும் வேண்டாம். நாங்கள் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில், உருக்குப் பல் ஈரம் கண்டால் துரு ஏறிவிடும். பெயின்ட் அடிக்கிற காய்ந்த தூரிகை போதும். துலக்கிப் பூட்டிய பிறகு பூச்சியத்தை மறுபடி பிடித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு கிளிக் தள்ளிப்போயிருக்கும்.

பதம் மாற்றும்போது பழைய தூள் பல்லிடுக்கில் நிற்கும். நான்கைந்து கொட்டையை அரைத்து ஒதுக்கிவிட்டுப் பிறகு தொடங்குங்கள். எறிய மனம் வராவிட்டால் பூமரத்தடியில் போடுங்கள், நான் அப்படித்தான்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், மே தொடங்கி ஓகஸ்ட் வரை, வரண்ட காற்றில் தூள் மின்னேற்றம் பிடித்துக் கோப்பையிலும் விரலிலும் மேசையிலும் ஒட்டும். கரண்டிக் காம்பைத் தண்ணீரில் நனைத்து, அரைக்குமுன் கொட்டையை ஒரு தரம் கிளறுங்கள். அந்த ஒரு துளி போதும். மார்கழி மழையில் இது தலைகீழ். திறந்து வைத்த கொட்டை ஈரம் பிடித்து இளகிவிடும், நேற்றைய கிளிக்கில் இன்று வேறு நேரம் காட்டும். இறுக்கமான போத்தலில் வைத்து, ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். கொட்டையே மாறினாலும் திருக வேண்டியிருக்கும். செங்கலடி வழியாகப் பதுளைப் பக்கமிருந்து எனக்கு வருவது நடுத்தர வறுவல். கடையில் விற்கும் கரிய வறுவல் கையால் நசுக்கினாலே உடையும், அதற்கு நான் இரண்டு கிளிக் விலக்குவேன்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்று காலை 20 இல் அரைத்து, மூன்று நிமிடம் ஐந்து விநாடியில் வடித்த கோப்பியைப் பிளாஸ்க்கில் கொண்டுவந்தேன். நிகழ்ச்சிக்கு முன் அறிவிப்பாளர் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு, "சேர், சீனி இருக்கா?" என்றார். கொண்டுவரவில்லை, தம்பி. வணக்கம்.