சோகத்துக்கும் ஓர் உடம்பு உண்டு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சோகத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது, அதை மனத்தில் தேடுவதோடு நின்றுவிடாமல் உடம்பிலும் தேடுவதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். நான் மருத்துவன் அல்லன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்பவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். என் வீட்டாருக்கு இந்த உரை மனப்பாடம் என்பதால் அவர்கள் இப்போது வானொலியைத் தாராளமாக அணைத்துவிடலாம்.

துயரத்தை நாம் சொல்லும் விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். நெஞ்சை அடைக்கிறது என்கிறோம். வயிற்றைப் பிசைகிறது, தொண்டையில் சோறு இறங்கவில்லை, இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார் என்கிறோம். எல்லாமே உடம்பின் பேச்சு. தொல்காப்பியம் நகை, அழுகை என்று தொடங்கி உணர்வுகளை எட்டாக வகுத்து, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தது. உள்ளத்தில் எழுவது மெய்யில் தோன்றுவதால் அது மெய்ப்பாடு. இந்தச் சொல்லை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான், அதுவும் ஒரு செருப்பின் வழியாக.

என்னோடு நாற்பது ஆண்டுகள் பழகிய நண்பர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய குடும்பத்துக்கு ஆக வேண்டிய காரியங்களையெல்லாம் உடனிருந்து செய்தேன், அழவில்லை. யார் விசாரித்தாலும் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பேன், அதைப் பொய்யென்று நினைத்துச் சொல்லவுமில்லை. ஒன்றரை மாதம் கழித்து என் தங்கை வந்திருந்தாள். நான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுவிட்டு, "அண்ணா, இது உங்கள் செருப்புச் சத்தம் இல்லையே" என்றாள். செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தோம். குதிகாலின் பின்விளிம்பு சாய்வாகத் தேய்ந்து, மேல்நிறம் போய் உள்ளே இருந்த வெள்ளை ரப்பர் தெரிந்தது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய ஜோடி ஓராண்டு உழைத்தும் அப்படித் தேய்ந்ததில்லை. அடியெடுத்து வைக்காமல் காலை இழுத்து இழுத்து நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

தங்கை எனக்கு ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. "விடியற்காலையில் நடக்கப் போகிறேன், துணைக்கு வாருங்கள்" என்றாள். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக நடக்கிறவளுக்கு என் துணை எதற்கு? முதல் நாள் தெருமுனைவரை போய்த் திரும்பினோம், வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். பதினைந்து இருபது நாள் கழிந்திருக்கும், ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே நண்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பது பேச்சுக்குப் பெரிய வசதி. பேசியபடியே அழுதேன். அவள் நிற்கவுமில்லை, அழாதீர்கள் என்று சொல்லவுமில்லை. நடையின் வேகத்தை மட்டும் சற்றுக் குறைத்துக்கொண்டாள்.

இந்தக் கதையை நான் எங்கு போனாலும் சொல்வேன், மன்னிக்க வேண்டும். ஆனால் இது என் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2009இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோய் உள்ளவர்களின் நடையை அளந்து பார்த்தபோது, அவர்கள் மெதுவாக நடப்பதையும், கைவீச்சு குறைந்திருப்பதையும், தலையின் ஏற்ற இறக்கம் சுருங்கி உடல் முன்னே கூனியிருப்பதையும் கண்டார்கள். நோய் ஏதுமில்லாத மாணவர்களுக்குச் சிறிது நேரம் சோகத்தை வரவழைத்துப் பார்த்தபோது அவர்களுடைய நடையும் மாறியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயது கடந்த 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாத்திரையும், ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை நடையோட்டப் பயிற்சியும், மற்றொரு குழுவுக்கு இரண்டும் கொடுத்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பதினாறு வாரங்கள் கழித்து மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். தொடக்க வாரங்களில் மாத்திரைதான் வேகமாக வேலை செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடைப்பயிற்சியின் பக்கம் சாய்ந்திருக்கிற என்னைப் போன்றவர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம்.

உடம்பு வெறும் கண்ணாடியாக நின்று மனத்தைக் காட்டுவதோடு விட்டுவிடுகிறதா, அல்லது தானே சோகத்தை உண்டாக்கவும் செய்கிறதா? வருத்தம் வருவதால் நாம் அழுகிறோம் என்று நினைப்பது தலைகீழ், அழுவதால்தான் வருந்துகிறோம் என்று 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். அது மிகை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். நானும் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனால் காய்ச்சலில் படுத்த அனுபவம் எல்லாருக்கும் உண்டல்லவா? அப்போது யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, பிடித்த உணவு கசக்கிறது, சுருண்டு படுக்கத் தோன்றுகிறது, ஒன்றுமில்லாததற்குக் கண் கலங்குகிறது. கிருமியோடு போராடும் உடம்பு சுரக்கிற அழற்சிப் பொருள்கள் மூளையையும் எட்டி இந்த ஒடுக்கத்தை உண்டாக்குகின்றன. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தத்தில் இரும்புச் சத்தோ வைட்டமின் பி12 சத்தோ குறைந்தாலும், சோகம் போன்ற சோர்வு வந்து ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரியாத வருத்தம் நீண்டுகொண்டே போனால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது உட்கார்ந்த இடத்திலேயே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒன்று. மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே மற்ற விரல்களை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், விடும்போது தளர்வதும் பலருக்கு விரலிலேயே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும் நேரத்தில் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் ஐந்து நிமிடம் இருந்தால் படபடப்பு அடங்குவதை உணரலாம். சோகம் அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு உட்கார முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்பிருந்த நிலை குலைந்து தளர்தல், இல்லாமை. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிச் சொல். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒருவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது கேலிக்கு ஒப்பானது. அவருக்கு வேண்டியது பணமும் அவகாசமும். நாள்தோறும் இகழப்படுகிறவருக்கு முதலில் வேண்டியது, அந்த இகழ்ச்சியை நிறுத்த யாராவது ஒருவர் குரல் கொடுப்பது. உடம்பும் மனமும் சேர்ந்த முழுப் பார்வை என்று பேசுகிறவர்கள் பலர் அந்த மனிதர் வாழும் சூழலை மறந்துவிடுகிறார்கள். இழவுக்கும் அப்படித்தான்: அழ இடம் வேண்டும். 'அழாதே' என்ற சொல்லைத் துக்கம் விசாரிக்கப் போகும் இடங்களில் விட்டுவிட்டால் போதும். வேறு ஒன்றும் பேசத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

தூக்கத்தைப் பற்றியும், தினமும் கால்மணி நேரம் மனத்திலிருப்பதை எழுதிப் பார்ப்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். செருப்பு நேரத்தைத் தின்றுவிட்டது. எழும் நேரத்தை நாள்தோறும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், எழுந்ததும் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருங்கள், மதுவைத் தூக்க மருந்தென்று நம்பாதீர்கள் என்பதோடு அதை முடிக்கிறேன்.

நெஞ்சுவலி என்றால் துக்கத்தால் வந்ததென்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடும் துக்கத்தில் இதயத்தின் இடது கீழறை வீங்கித் தளர்ந்துவிடுவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்து, அதன் வடிவத்தைக் கொண்டு, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரான டகோட்சுபோ என்பதையே அதற்கு வைத்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் அது மாரடைப்பா இல்லையா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதுபோல, எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரம் ஓயாமல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் என்ற கணக்கு வேண்டாம். இன்றே, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிட வேண்டாம். நடையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. நன்றி, வணக்கம்.