லேத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலமாரி

(கோவையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நூலகத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள், இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் லேத் மெஷினைப் பற்றிப் பேசலாமா என்று தலைவரிடம் கேட்டேன். "கோயமுத்தூரில் பேசாமல் வேறு எங்கே பேசுவீங்க?" என்றார். நியாயம்தான். 1888-இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்ததில் தொடங்கி, நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம், கிணற்று மோட்டார், கிரைண்டர் என்று இந்த ஊரே இரும்பைக் கடைந்து வளர்ந்த ஊர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் மாமனோ மச்சானோ பட்டறை வைத்திருக்காத ஆள் குறைவு.

நான் பட்டறைக்காரன் அல்ல. பேங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்கு மாறிய ஒரு பட்டறையில் ஓரங்கட்டியிருந்த பழைய லேத்தை வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்தியிருக்கிறேன். "ஆவாரம்பாளையம் பட்டறையில் கொடுத்தால் டீ குடிப்பதற்குள் கடைந்து கொடுத்துவிடுவார்கள், உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கொடுத்து வாங்கட்டும். சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஹேண்டில் நம் கையில் இருக்க வேண்டும்.

லேத் வந்த பிறகுதான் புத்தகம் வந்தது. முதலில் புதுப் புத்தகங்களைத்தான் வாங்கினேன். குறை சொல்லக் கூடாது, நல்ல புத்தகங்கள். ஆனால் அவை என் வீட்டு லேத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரு கணக்கு சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் கம்பி, சாதாரண மைல்ட் ஸ்டீல். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த வெட்டும் டூலுக்கு நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகம் வைக்கலாம் என்று இன்றைய கேட்லாக் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கம்பியைப் பிடித்துச் சுற்றும் சக் நிமிடத்துக்கு 1,900 சுற்று சுற்ற வேண்டும். பெல்ட்டில் ஓடும் என் கிழட்டு லேத்தை அந்த வேகத்துக்கு விரட்டினால் ஷெட்டே ஆடும். பழைய புத்தகம், கார்பைடைவிட மெதுவாக வெட்டும் ஹைஸ்பீடு ஸ்டீல் டூலை மனதில் வைத்து 30 மீட்டர் என்கிறது. 380 சுற்று போதும். டூல் மழுங்கினால் சாணைக்கல்லில் எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று படம் போட்டுச் சொல்லித் தருகிறது. மழுங்கினால் கழற்றி எறி, வேறு இன்சர்ட், அதாவது வேறு வெட்டுமுனைத் துண்டு, மாட்டு என்று சொல்வதில்லை. பழைய லேத்துக்குப் பழைய புத்தகம்தான் ஜோடி. நான் சொல்ல வந்ததே இதுதான்.

அடுத்தது மரை, போல்ட்டிலும் நட்டிலும் சுற்றி ஓடும் திருகு வரி. மரை வெட்டும்போது டூலை நகர்த்துகிற நீளத் திருகாணி, என் லேத்தின் லீட் ஸ்க்ரூ, இஞ்ச் கணக்கு, இஞ்சுக்கு 8 மரை. நாமோ 1956-இல் மெட்ரிக்குக்குச் சட்டம் போட்டவர்கள். இன்று கடையில் கிடைக்கும் 10 எம்.எம். போல்ட்டுக்கு மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர். இஞ்ச் லேத்தில் மில்லிமீட்டர் மரையை எப்படி வெட்டுவது? ஓர் இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். பின்னம் போக ஐந்தால் பெருக்கினால் 127. சக்குக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் நடுவில் 60 பல்லுக்கு 127 பல் என்று கியர் மாட்டினால் 1.5 அச்சாக வந்துவிடும். ஆனால் 127 பகா எண். அதை உடைத்து இரண்டு சின்னக் கியர்களாகப் பிரிக்க வழியில்லை. அத்தனை பல் உள்ள கியர் சின்ன லேத்தின் பக்கவாட்டில் இடிக்கும்.

இதற்குப் பழைய புத்தகங்களில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: 63 பல் கியர். 63-க்கு 80, 30-க்கு 50 என்று மாட்டுங்கள். வகுத்துப் பார்த்தால் 8,000-இல் ஒரு பங்குதான் பிசகும். ஒரு மீட்டர் நீளத்துக்கு மரை வெட்டினால் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நட்டின் உயரத்துக்கு அது எம்மாத்திரம்? கால்குலேட்டர் இல்லாத காலத்தில் யாரோ உட்கார்ந்து காகிதத்தில் கண்டுபிடித்த கணக்கு இது. பேங்கில் வருடக் கடைசியில் கணக்கு நேராகும்போது வருமே ஒரு சந்தோஷம், அதைவிட இது பெரிது.

1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் மரைக்கு ஓர் ஒழுங்கு சொன்னார்: கோணம் 55 டிகிரி, அரை இஞ்ச் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 மரை. அமெரிக்கர்கள் 60 டிகிரி வைத்து, அரை இஞ்சுக்கு 13 ஆக்கிவிட்டார்கள். கால் இஞ்சுக்கு இருவருக்கும் 20, முக்கால் இஞ்சுக்கு இருவருக்கும் 10. வழக்கமான அளவுகளில் அரை இஞ்சில் மட்டும் வம்பு. தோட்டத்தில் பழைய இங்கிலீஷ் இன்ஜினை ஒக்கிட்டவர்களுக்கு, அதாவது பழுது பார்த்தவர்களுக்கு, இது தெரியும். அதன் அரை இஞ்ச் போல்ட்டில் அமெரிக்க நட்டை மாட்டினால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகி நின்றுவிடும். மெட்ரிக் வந்ததும் விட்வொர்த் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். வீட்டுக் குழாயில் இருப்பது அவருடைய 55 டிகிரிதான். அதிலும் அரை இஞ்ச் குழாய் மரையை வெர்னியரில் அளந்தால் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் காட்டும். குழாயின் பழைய உள்ளளவைத்தான் அரை இஞ்ச் என்று இன்னும் கூப்பிடுகிறோம்.

பழசு எல்லாமே வேதம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போக கார்பன் டெட்ராகுளோரைடில் கழுவு, கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் சென்டருக்கு வெள்ளை ஈயம் தடவு என்று சாதாரணமாக எழுதியிருப்பார்கள். இரண்டும் விஷம். அந்தப் பக்கங்களைச் சரித்திரமாகப் படித்துவிட்டுத் தள்ளிவிட வேண்டும். பெல்ட்டுக்கு மூடி இல்லாத படங்களும் அப்படித்தான்.

மெஷினரீஸ் ஹேண்ட்புக் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. 1914-இல் முதல் பதிப்பு, இன்றும் புதுப் பதிப்புகள் வருகின்றன. அமெரிக்க மெக்கானிக்குகளின் மரக் கருவிப்பெட்டிகளில் அந்தக் குண்டுப் புத்தகம் வைப்பதற்கென்றே நடுவில் ஒரு அறை விட்டிருப்பார்கள். ஸ்பானரோடு ஸ்பானராக அதுவும் ஒரு கருவி. என்னிடம் இருக்கும் பழைய பதிப்பில் முன்பு வைத்திருந்தவர் டேப் (உள்மரை வெட்டும் கருவி) அளவுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறார். எந்த அளவுகளை அடிக்கடி வெட்டினார் என்று அதிலேயே தெரிகிறது. விவசாயக் கருவி செய்தவராக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். எல்லாம் பெரிய அளவுகள்.

முன்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? கிடைக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் கை முழுக்க எண்ணெயாக இருக்கும்போது போன் தொட்டால் கேட்காது. அட்டவணைக்குப் போவதற்குள் திரை அணைந்துவிடும். விரித்து வைத்த புத்தகம் விரித்தபடியே கிடக்கும்.

வாங்க நினைப்பவர்கள் பழைய புத்தகக் கடைக்குப் போங்கள், பழைய இரும்புக் கடைக்கும் போங்கள். பட்டறையைக் காலி செய்பவர்கள் இரும்போடு சேர்த்துப் புத்தகத்தையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை, பைண்டிங் செய்துகொள்ளலாம். கடைசி நூறு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அட்டவணைகள் அங்கேதான் இருக்கும், கிழித்து எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பதும் அவற்றைத்தான். அது இல்லையென்றால் கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்ரில் அட்டவணையில் நம்பரால் சொல்லும் அளவும், ஏ, பி, சி என்று எழுத்தால் சொல்லும் அளவும் இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, டீ வந்துவிட்டது. மிச்சக் கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாமுங்க.