வாசல் முன் நாலடி

நேயர்களுக்கு வணக்கம்.

2024 மார்ச்சில் தங்கசாலையில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அன்று சொன்ன மதிப்பு 4,181 கோடி ரூபாய். பிறகு இன்னும் கூடியது. அதற்கு மூன்று வருடம் முன்பே மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகருக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம், பஸ் நிலையம், ஹவுசிங் போர்டு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை நடக்கிறது. எல்லாம் இந்தப் பகுதிக்குக் காலம் தாழ்ந்து வருபவை. வந்தே ஆக வேண்டியவை. ஆனால் வேலை முடிந்த தெருவில் நின்று விசாரித்தால், "நல்லாத்தான் இருக்கு, முன்ன மாதிரி இல்ல" என்கிறார்கள். எது குறைகிறது என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. அதை டேப் வைத்து அளந்தே காட்டிவிடலாம்.

ஹவுசிங் போர்டு என்று நாம் சொல்லும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் ஆரம்பித்த குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் பல இன்று ஆபத்தான நிலையில் இருக்கின்றன. இடித்து, ஏறக்குறைய 400 சதுர அடியில் புது வீடு தருகிறார்கள். வீட்டுக்குள் இடம் பெருகுகிறது. வாசலுக்கு வெளியே இருந்த நாலடிதான் கணக்கில் வருவதில்லை. அடிபம்பு, வரிசையில் நீலக் குடம், மீன் ஆயும் பலகை, சாயங்கால இட்லிக் கடை, பாட்டியின் மடக்குக் கட்டில், எல்லாம் அந்த நாலடியில்தான் நடந்தன.

கேரம் போர்டை மட்டும் பார்ப்போம். ஆடுபரப்பு 29 அங்குலம். சட்டத்தோடு சேர்த்து மூன்றடி. நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் ஏழடிக்கு ஏழடி வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டடி. மேலே ஒரு பல்பு தொங்க வேண்டும், காற்றும் வர வேண்டும். புதுக் கட்டடத்தின் நடை அஞ்சடி அகலம் என்றால் அங்கே கேரம் கிடையாது. அதைச் சுற்றி உருவாகும் கூட்டமும் கிடையாது. 2024 கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். இந்தத் தெருக்களில் கேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. மாடிக்கு ஒரு மூலையை ஒன்பதடிச் சதுரமாக விட்டு, ஒரு பிளக் பாயின்ட் வைத்தால் போதும். வரைபடம் போடும்போதே கேட்டால் பெரிய செலவில்லை. கட்டி முடித்த பிறகு கேட்டால் நடக்காது.

இன்னொன்று, குலுக்கல். கட்டி முடிக்கும் வரை ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போகிறார்கள். திரும்பி வந்ததும் குலுக்கலில் வீடு ஒதுக்குகிறார்கள். வேலைக்குப் போகும் தாய் நம்பிப் பிள்ளையை விட்டுப்போன எதிர் வீடு இப்போது வேறு பிளாக்கில், அஞ்சாவது மாடியில். புது இடம் அந்நியமாகத் தெரிய இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. இடிப்பதற்கு முன்பே, யார் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும், யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதி, நாலைந்து வீடுகளை ஒரு கொத்தாகக் குலுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குலுக்கல் நியாயமாகவே இருக்கும், அக்கம்பக்கமும் கலையாது.

அடுத்தது நாற்றம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைச் சுற்றிக் கருத்துக் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் பகல் பதினோரு மணிக்கு வருகிறார்கள். கோடையில் விடியற்காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அப்போது நாற்றம் கிழக்கே ஆர்.கே. நகர் பக்கம். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் அது திரும்பிக் கொடுங்கையூர் வீடுகளுக்குப் போகும். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கணக்கு மாறும். ஆகவே காலை ஆறு, பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது என்று ஒரே இடத்தில் மூன்று வேளை குறித்தால்தான் உண்மை தெரியும். பழைய குப்பையைக் கிளறிப் பிரிக்கும் பயோமைனிங் நடக்கும் காலத்தில் வாடை கூடும் என்பதையும் மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரோட்டு மட்டமும் அப்படித்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை அங்குலம் ஏறும். நாலு தடவையில் அரையடி. மழைத் தண்ணீர் உள்ளே வர, வாசலில் சிமென்ட் தடுப்பு எழும்பும். உட்கார்ந்து பேசிய படி காணாமல் போகும். வேலை தொடங்கும் முன் படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து, சுவரில் பெயின்டால் கோடு போட்டு, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

வெள்ளை எல்.இ.டி. விளக்கு நல்லதே, இரவு வேலை முடிந்து வரும் பெண்களுக்குத் தைரியம். குறுகிய சந்தில் அது முதல் மாடி ஜன்னலுக்குள் அடிக்கும். கம்பத்தின் கையைத் திருப்பினால் சரியாகிவிடும்.

கடற்கரையில் இன்னும் கவனம் வேண்டும். துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது; வடக்கே கடல் கரையை அரித்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கருங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். மிச்சமிருக்கும் கொஞ்ச மணலில் படகு ஏற வேண்டும், வலை உலர வேண்டும், கருவாடு காய வேண்டும். அங்கே டைல்ஸ் நடைபாதையும் இரும்பு பெஞ்சும் போட்டால், உப்புக் காற்றில் பெஞ்ச் துருப்பிடிக்கும், வலை பின்னுகிறவருக்கு இடம் போகும். கருங்கல் திண்ணையும் பூவரசு நிழலும் போதும். மரத்தடியைச் சுற்றி மூன்றடி மண்ணை சிமென்ட் பூசாமல் விட வேண்டும்.

உங்கள் தெருவுக்கு வேலை வருகிறது என்று தெரிந்தால் ஒரு சார்ட்டில் தெருவை வரையுங்கள். காலை, மதியம், சாயங்காலம், இரவு என்று நாலு நிறத்தில், யார் எங்கே உட்காருகிறார்கள், எத்தனை அடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று குறியுங்கள். டெண்டர் விடுவதற்கு முன், உங்கள் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்தில் வையுங்கள். வேலை உத்தரவு போய்விட்டால், வரைபடத்தில் இல்லாத ஒரு திண்ணையைக்கூட ஒப்பந்ததாரர் கட்ட மாட்டார். உதவிப் பொறியாளருக்கு ஒரு நகல், கவுன்சிலருக்கு ஒரு நகல். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய நகல் உங்களிடம் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.